கங்காவின் கார் நடுவழியில் நின்றுவிடுமாம்

மட்டாஞ்சேரியில் ஒரு பெண்பிள்ளை சொந்தமாகக் கார் வாங்கி அதைத் தானே ஓட்டவும் தொடங்கினால், சுற்றியுள்ள ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வண்டி ஞானம் வந்துவிடும். கங்கா தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்திய வாரம், லைசென்ஸே இல்லாத ஆடிட்டர் மாமா ஒருவர் அங்கே நின்றிருந்த காரின் டயரைக் காலால் உதைத்துப் பார்த்து, "காத்து கம்மியாக்கும்" என்று தீர்ப்பு சொன்னார்.

"மாமா, அது டாக்டராத்துக் கார். என்னுது அதோ, கிணத்துப் பக்கம் நிக்கறது."

"அதிலேயும் கம்மியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

கங்காவைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு அந்தக் கார்தான் காரணம். காரென்றால் முழுக் காரும் அல்ல, அதிலுள்ள ஒரே ஒரு ஏற்பாடு. சிக்னலில் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினால் இன்ஜின் தன்னால் அணைந்துவிடும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தன்னால் திரும்பவும் கிளம்பிவிடும். பெட்ரோல் மிச்சம், புகையும் குறைச்சல் என்று செய்துவைத்திருக்கிறார்கள். இப்போது வரும் வண்டிகளில் பலவும் இப்படித்தான். மஸ்கட்டில் நான் ஓட்டும் காரிலும் இது உண்டு. பழகும்வரை ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பின்னால் இருப்பவன் ஹார்ன் அடிப்பானோ, வண்டி கிளம்பாமல் போய்விடுமோ, அந்நிய தேசத்தில் நடுரோட்டில் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் கவலை. ஆனால் என் நெஞ்சு அடித்துக்கொண்டதற்காக நான் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை.

கங்கா திருப்பூணித்துறைப் பெண். கேசவுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். கேசவ் டாக்ஸி ஓட்டினான். கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு அரண்மனையும் யூதத் தெருவும் சுற்றிக் காட்டுவது அவன் பிழைப்பு. ஜானவாசக் கார் ஓட்டுவது அவன் பெருமை. மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் மடத்துக்குச் சமூஹம் என்று பேர். அங்கே நடக்கும் கல்யாணங்களில் முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோட்டும் சூட்டுமாகக் காரில் உட்காரவைத்து, தெருக் குழந்தைகளையெல்லாம் அவன் மடியிலும் தோளிலும் திணித்து, நாதஸ்வரம் முன்னே போக, கோயிலிலிருந்து மடம் வரைக்கும் நடை வேகத்தில் கூட்டிவருவார்கள். அந்தக் காரைக் கேசவ்தான் ஓட்டுவான். அவன் ஓட்டிய காலம் முழுக்க நாதஸ்வரக்காரரின் குதிகாலில் ஒரு தடவைகூட பம்பர் பட்டதில்லை.

ஒருநாள் காலையில் சாயா கிளாஸைக் கீழே வைக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைவதற்குள்ளேயே, "அந்தக் காரை வித்துடு கங்கா" என்று நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். விற்றாள். விற்ற கையோடு தோப்பும்படியில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸ் வாங்கி, கொஞ்ச நாள் யாரோ ஒருவரின் டாக்ஸியை ஓட்டி, கடன் போட்டுச் சொந்தமாக இந்தக் காரை வாங்கினாள். கூரையில் கண்ணாடிக் கதவு திறக்கும் வண்டி அது. அப்போது யாரும் தடுக்கவில்லை, எல்லோருக்கும் அவள் தேவைப்பட்டாள். டயாலிசிஸுக்குப் போக கங்கா. நெடும்பாசேரி விமான நிலையத்தில் அமெரிக்காப் பிள்ளையை இறக்கிவிட கங்கா. ஆலுவா ஆற்று மணப்புறத்துக்கு அஸ்தி கரைக்கக் கொண்டுபோகவும் கங்காதான். கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட, தோப்பும்படி சிக்னலில் இன்ஜின் அணைந்தபோது அபசகுனம் என்று வாயைத் திறந்ததில்லை.

உயிரோடு இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் தொல்லை. வண்டி சிக்னலில் அணையும். பின்சீட்டிலிருந்து குரல் வரும்: "கங்கா, ஓஃப் ஆயிடுத்தே!"

"ஆமாம் மாமா. நீங்க கொஞ்சம் இறங்கித் தள்ளணும்."

ஒருதடவை ஒருவர் நிஜமாகவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அதற்குள் பச்சை விழ, அவரைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் வரை பின்னாலிருந்த பஸ் டிரைவர் கங்காவின் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் மலையாளத்தில் விசாரித்தாராம். இதை எனக்குச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. கங்கா யாரைக் கேலி செய்தாலும் முகம் மட்டும் பால் வாங்கப் போகிற முகமாகவே இருக்கும்.

என் பெரியப்பா பிள்ளை வெங்கிட்டு அண்ணாவின் பெண் விஷ்ணுப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஷங்கர் சென்னைப் பையன். பெங்களூரில் இருவருக்கும் ஒரே ஆபீஸ். பெண் யாரையும் கேட்காமல் ஃபோனிலேயே கங்காவிடம் பேசி, ஜானவாசத்துக்கு அவள் காரையே ஏற்பாடு செய்துவிட்டாள். கூரையைத் திறந்து ஷங்கர் அதில் எழுந்து நின்றபடி வரவேண்டும், வீடியோ எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கங்கா சரி என்றாள்.

அவள் எவ்வளவு சந்தோஷமாகச் சரி சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கேசவ் போனபிறகு சமூஹத்துக் கல்யாணம் எதிலும் அவளுக்கு இலை உண்டு, வேலை கிடையாது. இந்த ஒரு ஜானவாசத்தை ஓட்டிவிட்டால் அடுத்தடுத்த கல்யாணத்துக்கும் அவளைக் கூப்பிட்டாக வேண்டும். ஓட்டாவிட்டால் ஆஸ்பத்திரியும் ஆலுவாவும்தான் கடைசிவரைக்கும். இது அவளுக்கும் தெரியும், வெங்கிட்டு அண்ணாவுக்கும் தெரியும்.

வெங்கிட்டு அண்ணா மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சமூஹத்தின் செக்ரட்டரி. ஒரு விஷயத்தை நேராகச் சொல்லாமல் இருப்பதில் அவருக்கு இணை யாரும் கிடையாது. பசித்தால்கூட "நாழியாச்சோ?" என்றுதான் கேட்பார். அவர் மஸ்கட்டுக்கு ஃபோன் செய்தார். ஊரிலிருந்து வேளை கெட்ட வேளையில் ஃபோன் வந்தால் யாருக்கு என்னவோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

"அம்பி, அங்கேயெல்லாம் புதுக் கார்தானே? தன்னால ஓஃப் ஆற வண்டி இருக்கே, அது நம்பிக்கையான வண்டிதானா?"

நம்பிக்கையானதுதான் என்றேன். என் வண்டியும் அப்படித்தான் என்றேன்.

"உனக்குச் சரி. நீ மாப்பிள்ளையை ஏத்திண்டு போறதில்லையே."

கல்யாணத்துக்கு நிறைய முன்னதாகவே நான் வந்துவிட்டேன். விமானக் கம்பெனியையும் மழையையும் நம்பாதவன் நான். வந்த மறுநாளே அண்ணா என்னைக் கூட்டிக்கொண்டு கங்கா வீட்டுக்குப் போனார். வெளிநாட்டுக்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால் சாஸ்திரம்கூட விஞ்ஞானமாகிவிடும் என்று அவருக்கு எண்ணம். கங்கா கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேறே ஒண்ணும் இல்லை கங்கா. ஊர்வலம்னா மேளக்காரன் முக்குக்கு முக்கு நிப்பான். நம்மளும் நிக்கணும். அப்போ இன்ஜின் ஓஃப் ஆச்சுன்னா? மாப்பிள்ளை உக்காந்திருக்கச்சே வண்டி அணைஞ்சுபோறதுன்னா... கேக்கறவா என்ன பறயுவா?"

"அதுக்கு ஒரு ஸ்விட்ச் இருக்கு மாமா." கங்கா கதவைத் திறந்து காட்டினாள். ஏஸி திருகுகளுக்குக் கீழே ஒரு வட்டத்துக்குள் அம்புக்குறி போட்ட பொத்தான். "இதை அமுக்கினா போறும், அணையாது."

அண்ணா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பொத்தானைப் பார்த்தார். பொத்தானும் அவரைப் பார்த்தது. பிரச்சினை இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோனதில் அவருக்கு ஒரு ஏமாற்றம்.

"எப்பவும் அமுக்கியே இருக்குமோ?"

"இல்லை. ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுக்கறச்சே அமுக்கணும்."

"ஆ! பாத்தியா!" அண்ணாவின் முகம் மலர்ந்தது. "நீ மறந்துட்டேன்னா?"

"கேஸ் அடுப்பை அணைக்க மறக்கறதில்லை, மாமா. இதையும் மறக்கமாட்டேன்."

"மனுஷாளுக்கு மறதி சகஜமாக்கும். சீட் பெல்ட் போடாம ஓட்டினா இது வேலை செய்யாதுன்னு எங்க ஆடிட்டர் பறஞ்சார். அப்படி ஓட்டேன்."

"ஓட்டறேன். ரோட்டுக் கேமராலேர்ந்து நோட்டீஸ் வந்தா ஆடிட்டர் மாமா அட்ரஸைக் குடுத்துடறேன்."

"விளையாடாதே கங்கா. அந்த ஏற்பாட்டையே அடியோட எடுத்துட்டா நன்னாயிருக்கும். நிரந்தரமா. அப்போ யாரும் ஒண்ணும் சொல்லமுடியாது."

யாரும் ஒன்றும் சொல்லமுடியாது என்பதைச் சொல்லும்போது அவர் கங்காவின் நெற்றியைப் பார்த்தார், பார்த்துவிட்டு உடனே கிணற்றைப் பார்த்தார். கங்காவும் அதைக் கவனித்தாள். துணியைப் பிழிந்து பானெட்டின் மேல் போட்டாள்.

"ஷரி மாமா. எடுத்துடறேன்."

கார் வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, அதையெல்லாம் நாங்கள் தொடமாட்டோம், வெளியில் யாராவது தொட்டால் வாரண்டி போய்விடும் என்றார்கள். தோப்பும்படியில் வீரபாண்டி தொடுவான். தேனிப் பக்கத்து ஆள், பல வருஷமாக மீன் துறைமுகத்துக்குப் பின்னால் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறான். முடியாது என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டவர்கள் கிடையாது. முடிந்த வேலையைப் பார்த்தவர்களும் குறைவு. துணைக்கு நானும் போனேன்.

"இதெல்லாம் ஒரு மேட்டரே இல்லக்கா" என்று பானெட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டான். "பானெட்டு தொறந்திருக்கா மூடியிருக்கான்னு பாக்குறதுக்கு இங்கன ஒரு ஒயரு இருக்கு. இதப் புடுங்கிவிட்டம்னா, தொறந்துதேன் கெடக்குன்னு வண்டி நெனச்சுக்கிரும். தொறந்து கெடந்தா இன்ஜின ஆஃப் பண்ணாது. யாரோ உள்ள கைய விட்டு வேல பாக்குறாகன்னு பயந்துக்கிரும்."

"வண்டிகிட்டப் பொய் சொல்லச் சொல்றே."

"மனுசங்ககிட்ட எம்புட்டுச் சொல்றோம். வண்டிகிட்ட ஒண்ணு சொன்னா என்னாக்கா?"

சிமெண்ட் தரையில் மீன் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, இது தீப்பிடிக்காதே, பிரேக்குக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "சார் எந்த ஊருல இருக்காப்ல?" என்று வீரபாண்டி கங்காவிடம் கேட்டான். மஸ்கட் என்றாள். "அதான்" என்றான்.

வெள்ளோட்டம் பார்க்க வெங்கிட்டு அண்ணா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை ஏற்றும் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போனோம். இன்ஜின் ஒரு தடவைகூட அணையவில்லை. ஆனால் டாஷ்போர்டில் வாயைத் திறந்த கார் மாதிரி ஒரு சிவப்புப் படம் எரிந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் வேகம் எடுத்தால் கீ கீ என்று ஒரு சத்தம் வேறு.

"அது என்ன படம்?"

"பானெட் தொறந்திருக்காம்."

"தொறக்கலையே!"

"தொறக்கலை. தொறந்திருக்குன்னு சொல்லி வெச்சிருக்கு. நீங்க கேட்டதுதானே மாமா?"

அண்ணா சிறிது நேரம் அந்தச் சிவப்புப் படத்தையே பார்த்தார். "வாயைப் பொளந்துண்டுன்னா இருக்கு" என்றார். "மாப்பிள்ளை வண்டி வாயைப் பொளந்துண்டு போனா நன்னாவா இருக்கும்?"

"மாமா, அது உள்ளே எரியற லைட். மாப்பிள்ளை மேலே நிக்கப் போறார்."

"ஆனாலும் அபசகுனம்தானே."

"அப்போ இன்ஜின் அணைஞ்சாலும் அபசகுனம், அணையாட்டாலும் அபசகுனம்."

"நான் அப்படிப் பறஞ்சேனா?" என்றார் அண்ணா. பறையவில்லைதான். வாழ்நாளில் எதைத்தான் அவர் பறைந்திருக்கிறார்?

கங்கா மறுபடி தோப்பும்படிக்குப் போய் ஒயரை மாட்டிக்கொண்டு வந்தாள். "சொன்ன பொய்யை வாபஸ் வாங்கிண்டாச்சு" என்றாள் என்னிடம். அன்று சாயங்காலமே அண்ணா எர்ணாகுளத்தில் கல்யாண ஏற்பாடுகள் செய்யும் கம்பெனி ஒன்றில் பெரிய கார் பேசிவிட்டார். கறுப்புக் கார், கூரை மடங்கும், ஜெர்மன்காரன் செய்தது. ஓட்டுவதற்கு வெள்ளைச் சட்டை, தொப்பியோடு டிரைவரும் உண்டு. விஷ்ணுப்ரியா கத்தினாள். "அப்பா, நான் மாமிகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள். பெங்களூரில் பெரிய பெரிய மீட்டிங்குகளில் பேசுகிறவள். ஆனால் ஷங்கரின் நண்பர்கள் கறுப்புக் காரின் படத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிய இதயங்களையும் நெருப்புகளையும் ஃபோனில் கண்டதும், "ம்... மாமி தப்பா நினைச்சுக்கமாட்டா இல்லையா, சித்தப்பா?" என்று என்னைக் கேட்டாள். அவ்வளவுதான் அவள் போராட்டம்.

கங்காவை விட்டுவிட்டதாக யாரும் சொல்லக்கூடாது அல்லவா? அதனால் அண்ணா அவளுக்கும் ஒரு வேலை வைத்தார். ஊர்வலத்தின் கடைசியில் அவள் கார் வரலாம். நடக்கமுடியாதவர்களை ஏற்றிக்கொள்ளலாம். நடக்கமுடியாதவர்கள் என்று பன்மையில் சொன்னாரே தவிர, இருந்தது ஒரே ஆள், அண்ணாவின் அக்கா நீலாம்பாள். இரண்டு முழங்காலும் போனவள். இருபத்தெட்டு வயதில் புருஷனை இழந்து, அன்றிலிருந்து குடும்பத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் தாலி கட்டும் நேரத்தில் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள். கங்காவுக்கு எதிராக வீட்டுக்குள் முதலில் கொடி பிடித்ததும் அவள்தான். "நான் கதவுக்குப் பின்னால நிப்பேன், இவ மாப்பிள்ளைக்கு முன்சீட்டிலேயா?" என்று அவள் கேட்டதைத்தான் அண்ணா இன்ஜின் என்று மொழிபெயர்த்திருந்தார்.

சாயங்காலம் கோயில் வாசலில் கறுப்புக் கார் வந்து நின்றது. எட்டிப் பார்த்த முகமெல்லாம் அதன் கதவில் தெரிந்தது. ஷங்கர் கோட்டில் வியர்த்துக்கொண்டே ஏறினான். குழந்தைகள் அவன் மேல் ஏறினார்கள். கடைசியில் கங்காவின் வெள்ளைக் கார். பின்சீட்டில் நீலாம்பா அக்கா, பக்கத்தில் பழத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு நான். தாம்பாளம் சரியாமல் மடம் வரைக்கும் போய்ச் சேருமா என்பது என் கவலை.

மேளம் கிளம்பியது. முதல் முனை திரும்பியதும் நாதஸ்வரக்காரர் வழக்கம்போல் நின்று ஒரு கீர்த்தனையைப் பிடித்துக்கொண்டார். வரிசை முழுக்க நின்றது. எங்கள் கார் நின்றது, இன்ஜின் அணைந்தது. முன்னால் பார்த்தேன். வளைவில் பக்கவாட்டாக நின்றிருந்த கறுப்புக் காரின் குழாயிலிருந்து வந்துகொண்டிருந்த மெல்லிய புகையும் நின்றுபோயிருந்தது. மேளக்காரர் கையை எடுத்த ஒரு நொடியில் நன்றாகத் தெரிந்தது. அந்த ஜெர்மன் இன்ஜினும் கப்சிப். மாப்பிள்ளை உள்ளே இருக்க, குழந்தைகள் உள்ளே இருக்க, அபசகுனம் அச்சில் வார்த்த மாதிரி நடந்துகொண்டிருந்தது.

வெங்கிட்டு அண்ணா கறுப்புக் காரின் பக்கத்திலேயே இருந்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. சம்பந்தியிடம் குனிந்து, மேளத்தையும் மீறி எங்கள் காதில் விழுகிற குரலில் சொன்னார்: "பாத்தேளா சார், என்ன வண்டி! ஓடறதா நிக்கறதான்னே தெரியலை. ஒரு சத்தம் உண்டா?"

சம்பந்தி தலையாட்டி ரசித்தார். ஆடிட்டர் மாமா பின்னாலிருந்து டயரைப் பார்த்தார். உதைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நீலாம்பா அக்கா, "கங்கா, நம்ம வண்டி ஓஃப் ஆயிடுத்துடி" என்றாள்.

"அந்த வண்டியும் ஓஃப் ஆயிடுத்து மாமி. அங்கே போய்ச் சொல்றேளா?"

"அது சும்மா நிக்கறது."

"இதுவும் சும்மாதான் நிக்கறது." கங்கா திரும்பாமல், கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தபடி பேசினாள். "அமங்கலின்னு ஒரு வார்த்தை இருக்கு மாமி. இத்தனை நாளா உங்காத்துல எல்லாரும் அதை இன்ஜின்னு சொல்லிண்டிருக்கேள். நானும் போனாப் போறதுன்னு இன்ஜினைக் கொண்டுபோய் ரிப்பேர் பண்ணிண்டு வரேன்."

நான் தாம்பாளத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். வெளியே கீர்த்தனை சரணத்துக்கு வந்திருந்தது.

"நம்ம ரெண்டு பேரையும் ஏன் மாமா ஒரே வண்டில, அதுவும் கடைசில வெச்சார் தெரியுமோ?" என்றாள் கங்கா. "உங்களுக்கு முட்டிவலிங்கறதுக்கு இல்லை."

"தெரியும்" என்றாள் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "உனக்குத்தான் இன்னிக்குத் தெரியறது. எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுண்டுதான் என்னைத் தள்ளிவெக்கச் சொன்னேளா?"

மேளம் நகர்ந்தது. கங்கா பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள், இன்ஜின் கிளம்பியது. மடத்து வாசலில் கார் நின்றது. இறங்கும்போது கங்கா கை கொடுத்தாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முகூர்த்தத்தில் அக்கா எங்கே நின்றாள் என்று நான் பார்க்கவில்லை. யாரும்தான் பார்ப்பதில்லை. மறுநாள் மத்தியானம் சம்பந்திகள் கிளம்பினார்கள். கட்டுசாதக் கூடை தயார், பெட்டிகள் மடத்து வாசலில் வரிசையாக இருந்தன. கறுப்புக் கார் ஜானவாசத்துக்கு மட்டும்தான் பேசியது, அது வேறு மாப்பிள்ளையை ஏற்றப் போய்விட்டது. அண்ணா கங்காவுக்கு ஃபோன் போட்டார். மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஏதோ ஒரு பொத்தானைத் தொட்டு ஃபோன் ஸ்பீக்கருக்குப் போய்விட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"கங்கா, ஒண்ணுமில்லை. சம்பந்தியை நெடும்பாசேரில விடணும். உடனே வந்துடறயா?"

"நன்னாயிருக்கே மாமா. என் வண்டி சிக்னல்ல அணையுமே. சம்பந்தி உக்காந்திருக்கச்சே அணைஞ்சா அபசகுனம் இல்லையோ?"

"அதெல்லாம் இப்போ ஆரு பாக்கறா!"

"நீங்கதான் பாத்தேள்."

"அது ஜானவாசத்துக்காக்கும். இது ஏர்போர்ட்."

"ஏர்போர்ட்டுக்கு ஆகும், ஜானவாசத்துக்கு ஆகாது. அப்படித்தானே? ஏன்னு மட்டும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கோ மாமா, உடனே வந்துடறேன்."

சம்பந்தி மாமி கூடையைக் கையில் பிடித்தபடி அண்ணாவையே பார்த்தாள். என்ன காரணம் என்று அவளுக்கும் அறிய ஆவல். அண்ணா "உனக்குத் திரக்குன்னா வேண்டாம்" என்று, வேறு வேலை இருந்தால் என்ற அர்த்தத்தில் மலையாளத்துக்குத் தாவினார். அங்கே கங்கா ஃபோனை வைத்துவிட்டாள்.

"அக்கா, நீ சொன்னாக் கேப்பா. நீ ஒரு வார்த்தை கூப்பிட்டுச் சொல்லேன்" என்று அவர் நீலாம்பா அக்காவிடம் திரும்பினார்.

நாற்காலியில் இருந்தபடி அக்கா சொன்னாள்: "அவ வண்டி நடுவழில நின்னுடும்டா. நீதானே ஊர் பூராச் சொன்னே."

கடைசியில் ஃபோனில் தேடி ஒரு வாடகைக் காரைப் பிடித்தோம். வந்து நின்றது மின்சாரக் கார். அதில் இன்ஜினே கிடையாது. அணைவதற்கும் இல்லை, கிளம்புவதற்கும் இல்லை. சம்பந்திகள் ஏறி உட்கார்ந்தார்கள். அண்ணா கைகூப்பி வழியனுப்பினார். இன்ஜினே இல்லாத வண்டியில் சம்பந்தியை அனுப்புவது சகுனமா அபசகுனமா என்று யாரும் கேட்கவில்லை. ஓட்டியவன் மீசை வைத்திருந்தான், அது போதும்.

கூட்டம் கலைந்தபிறகு மடத்து வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. அண்ணாவுக்கு முகம் தெளிந்தது.

"வந்துட்டயா! நான் சொன்னேனே, அவளுக்கு மனசு கேக்காதுன்னு. சம்பந்தி போயாச்சு கங்கா. பாத்திரமெல்லாம் இருக்கு, அதை..."

"மாமி கூப்பிட்டா. அதுக்குத்தான் வந்தேன்" என்றாள் கங்கா. அவர் பக்கம் திரும்பவில்லை.

நீலாம்பா அக்கா ஏற்கெனவே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல் நான் பின்கதவைத் திறந்தேன். அவள் அதைத் தாண்டிப் போய் முன்கதவின் பிடியில் கை வைத்தாள். உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். பெல்ட்டை மாட்டத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். கங்கா குனிந்து மாட்டிவிட்டாள். அந்த வட்டப் பொத்தானை அவள் அமுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கார் தெருமுனை வரைக்கும் போனது. அங்கே ஒரு லாரி குறுக்கே நின்று மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. கார் நின்றது. பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. அதில் ஒன்று பேசிக்கொண்டே இருந்தது, எது என்று இங்கிருந்து தெரியவில்லை.

வெங்கிட்டு அண்ணா வாசல்படியில் நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு காதைத் தீட்டினார். அவர் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத ஒரு நிம்மதி.

"கேட்டியாடா அம்பி?" என்றார். "நின்னுடுத்து. நான் அப்பவே சொன்னேன்."